கொம்பு வச்சவனுக்கு டைட்டிலில் இடமில்லை

2001-ல் ஜப்பானின் தோஹோ நிறுவனம் ஒரு காட்ஸில்லா படம் வெளியிட்டது. இயக்குநர் ஷுசுகே கனேகோ. இந்தப் படத்தில் காட்ஸில்லாதான் வில்லன். அவனை எதிர்த்து நாட்டைக் காக்க மூன்று பழைய காவல் மிருகங்கள் எழும்பி வருகின்றன: மாத்ரா, கிங் கிடோரா, பரகான். முதலில் வந்து மோதுவது பரகான். சிவப்பு உடம்பு, நாலு கால் நடை, நெற்றியில் ஒரு கொம்பு, இரண்டு பக்கமும் பெரிய காது. காட்ஸில்லாவில் பாதி உயரம்கூட இருக்காது. அடி வாங்குகிறது, உதை வாங்குகிறது, மறுபடியும் பாய்கிறது, கடைசியில் சாகிறது.

படத்தின் முழுப்பெயரைத் தமிழில் சொன்னால் 'காட்ஸில்லா, மாத்ரா, கிங் கிடோரா: மாபெரும் அரக்கர்களின் முழுத்தாக்குதல்' என்று வரும். எண்ணிப் பாருங்க. நாலு பேர் நடித்த படம், தலைப்பில் மூணு பேர். முதல் ஆளாகப் போய் உயிரை விட்டவன் பெயர் இல்லை.

இதை முதன்முதலில் கவனித்தபோது சிரித்தேன். அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. இது ஒரு படத்தின் தற்செயலா, இல்லை கொம்புள்ள மிருகங்களுக்கே நடப்பதா? ஒரே பிழை நாலு இடத்தில் வந்தால் அது தற்செயல் இல்லை, அடியில் ஏதோ ஒரு வடிவமைப்புச் சிக்கல் இருக்கிறது என்பது என் தொழிலில் பால பாடம். தேடிப் பார்த்தேன். நாலு இல்லை, அதுக்கும் மேலே கிடைத்தது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பரகானிலிருந்தே ஆரம்பிக்கலாம். அவன் அறிமுகமானது 1965-ல், இஷிரோ ஹோண்டாவின் படத்தில், ஃபிராங்கன்ஸ்டைனுக்கு எதிரியாக. அந்தப் படத்தின் ஜப்பானியத் தலைப்பில் பரகான் பெயர் இருந்தது. அமெரிக்காவுக்குப் போனதும் 'ஃபிராங்கன்ஸ்டைன் உலகை வெல்கிறான்' என்கிற அர்த்தத்தில் பெயர் மாறிவிட்டது. பரகான் காலி. 1968-ல் 'டெஸ்ட்ராய் ஆல் மான்ஸ்டர்ஸ்' வந்தது. பாரிஸ் நகரத்து வெற்றி வளைவுக்கு அடியிலிருந்து பூமியைப் பிளந்துகொண்டு ஒரு மிருகம் வரும். செய்தி வாசிப்பவர் அதை பரகான் என்றே சொல்கிறார். ஆனால் திரையில் வருவது கோரோசாரஸ், இரண்டு காலில் நிற்கும், கொம்பில்லாத இறைச்சித்தின்னி. காரணம் கேட்டால் பாவமாக இருக்கும். பரகானின் உடையை சுபுரயா கம்பெனிக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். 'அல்ட்ரா க்யூ' தொடரில் பாகோஸ், 'அல்ட்ராமேன்' தொடரில் நெரோங்கா, மகுலர், கபோரா என்று ஒரே தோலை வெட்டி ஒட்டி நாலு வேஷம் போட்டுவிட்டார்கள். நாங்கள் கோட் மறுபயன்பாடு என்று பெருமையாகச் சொல்வோமே, அதேதான். மூலக் கோப்பு எங்கே என்று கேட்கும்போது யாரிடமும் இல்லை.

2001 படத்துக்கு வருவோம். கனேகோ முதலில் கேட்ட மூன்று காவல் மிருகங்கள் அங்கிரஸ், வாரான், பரகான். இதில் அங்கிரஸும் தலையிலும் மூக்கிலும் கொம்பு உள்ள, நாலு காலில் ஊரும் டைனோசர் வகைதான். 1955-லேயே, அதாவது காட்ஸில்லாவின் இரண்டாவது படத்திலேயே, ஒசாகா நகரத்தில் அவனோடு மோதிச் செத்த முதல் எதிரி. டிக்கெட் விற்காது என்று நிறுவனம் சொல்ல, அங்கிரஸும் வாரானும் போய் மாத்ராவும் கிடோராவும் வந்தார்கள். பரகான் மட்டும் தப்பித்தான். தப்பித்தும் தலைப்புக்குப் போக முடியவில்லை.

ஏன் இப்படி? முதல் காரணம் ரொம்ப எளிமையானது: முட்டி. ஜப்பானிய அரக்கப் படங்களில் மிருகம் என்பது ரப்பர் உடைக்குள் இருக்கிற ஒரு மனிதன். மனிதன் நிமிர்ந்து நின்றால் காட்ஸில்லா. நாலு கால் மிருகம் என்றால் அவன் முட்டி போட்டுத் தவழணும். நம் கையைவிடக் கால் நீளம் என்பதால் புட்டம் மேலே தூக்கிக்கொள்ளும், இல்லையென்றால் முட்டிக்குக் கீழே உள்ள கால் பின்னால் இழுபடும். அங்கிரஸ் நடப்பதை ஒருமுறை கவனித்தால் அப்புறம் அந்த முட்டியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. கேமராமேன் எப்பவும் முன்பக்கமே காட்டுவார், இல்லையென்றால் ஒரு கட்டடத்தைக் குறுக்கே வைப்பார். பரகானை அடிக்கடி இரண்டு காலில் நிமிர்த்திவிடுவார்கள். கொம்புள்ள மிருகத்தின் பலமே தரையோடு தரையாகத் தாழ்ந்து வருவதில்தான் இருக்கிறது. அதை நிமிர்த்தினால் கொம்பு வெறும் தொப்பி.

சரி, உடைக்குள் மனிதன் இல்லாத படங்களில்? பொம்மையை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எடுத்த ஹாலிவுட் படங்களில் முட்டிப் பிரச்சினை கிடையாது. அங்கேயும் கதை அதேதான்.

'கிங் காங்' (1933) பார்த்தவர்களுக்கு அந்த மரக்கட்டைக் காட்சி ஞாபகம் இருக்கும். பள்ளத்தாக்குக்குக் குறுக்கே விழுந்து கிடக்கிற மரத்தின் மேல் மாலுமிகள். ஒரு முனையில் காங் வந்து மரத்தை உலுக்குகிறது. எல்லோரும் கீழே விழுந்து சாகிறார்கள். எனக்கு முதல்முறை பார்த்தபோதே ஒரு கேள்வி: வந்த வழியே திரும்பி ஓட வேண்டியதுதானே? ஏன் மரத்தின் மேலேயே நிற்கிறார்கள்? பதில் டெலோஸ் லவ்லேஸ் எழுதி 1932-ல் வந்த நாவல் வடிவத்தில் இருக்கிறது. மறுமுனையில் ஒரு ட்ரைசெராடாப்ஸ் நிற்கிறது! முன்னால் குரங்கு, பின்னால் கொம்பு, நடுவில் மனுஷன். படத்துக்காக வில்லிஸ் ஓ'பிரையன் குழு ஸ்டைராகோசாரஸ் பொம்மைகூடச் செய்திருந்தது. இறுதிப் படத்தில் கொம்பனை வெட்டிவிட்டார்கள். காட்சியின் தர்க்கமும் அதோடு போய்விட்டது. அந்தப் பொம்மை அதே வருடம் வந்த 'சன் ஆஃப் காங்' படத்தில் ஆட்களைத் துரத்துகிறது. அங்கே அது ஒரு இடைவேளைச் சமாச்சாரம், அவ்வளவுதான்.

ஓ'பிரையனின் முந்தைய படமான 'தி லாஸ்ட் வேர்ல்ட்' (1925) இன்னும் வெளிப்படை. அகதாமஸ் என்ற கொம்பன் ஒரு அலோசாரஸைக் குத்திக் கொல்கிறது. அப்பாடா, ஜெயிச்சுட்டான்னு நினைப்பதற்குள் டைரனோசாரஸ் வந்து அகதாமஸைக் கொல்கிறது. கொம்பன் இங்கே ஒரு அளவுகோல். அவனையே கொன்றவன் என்று காட்டினால் அடுத்தவனின் பலம் ஏறும். நம் மசாலாப் படங்களில் ஹீரோ அறிமுகத்துக்கு முன்னால் ஊரையே மிரட்டும் ஒரு தடியனைக் காட்டுவார்களே, அந்த வேலை. கொம்பு சீவி விடுவது ஒருத்தன், குத்துப்பட்டுச் சாவது இன்னொருத்தன் என்று நம்மூரில் சொல்கிற பேச்சு இங்கே அப்படியே பொருந்துகிறது.

இதற்கு இன்னொரு ஆழமான காரணம் இருப்பதாக நினைக்கிறேன். அது விஞ்ஞான வரலாற்றிலேயே இருக்கிறது. 1887-ல் அமெரிக்காவின் டென்வர் பக்கத்தில் ஒரு ஜோடிப் பெரிய கொம்புகள் கிடைத்தன. அவை ஓத்னியல் மார்ஷ் என்ற தொல்லுயிர் அறிஞரிடம் போயின. அவர் அதை டைனோசர் என்று நினைக்கவில்லை. ராட்சதக் காட்டெருமை என்று முடிவுகட்டி 'பைசன் அல்டிகார்னிஸ்' என்று பெயரும் வைத்துவிட்டார். முழு மண்டையோடு கிடைத்த பிறகுதான் 1889-ல் 'ட்ரைசெராடாப்ஸ்' என்ற பெயர் வந்தது. ஆக, கொம்புள்ள டைனோசர் மனிதர்களின் உலகத்துக்குள் நுழைந்ததே மாட்டு வேஷத்தில்தான். அந்த வேஷத்தை சினிமாவும் புனைகதையும் இன்னும் கழற்றவில்லை.

எட்கர் ரைஸ் பர்ரோஸ் 1921-ல் எழுதிய 'டார்ஸான் தி டெரிபிள்' நாவலில் 'கிரிஃப்' என்று ஒரு மிருகம் வரும். ட்ரைசெராடாப்ஸின் வாரிசு; ஆனால் இறைச்சியும் தின்னும். பயங்கரமான கற்பனைதான். ஆனால் டார்ஸான் என்ன செய்கிறான்? மாடு ஓட்டுகிற மாதிரி குரல் கொடுத்து, குச்சியால் மூக்கில் தட்டி, அதன் மேல் ஏறிச் சவாரி போகிறான். 94 வருடம் கழித்து 'ஜுராசிக் வேர்ல்ட்' (2015) படத்தில் பூங்காவுக்கு வந்த குழந்தைகள் குட்டி ட்ரைசெராடாப்ஸ் மேல் சேணம் போட்டுச் சவாரி போகிறார்கள். டைரனோசாரஸ் மேல் யாரும் சேணம் போட நினைப்பதில்லை.

1993-ன் 'ஜுராசிக் பார்க்'கில் ட்ரைசெராடாப்ஸ் படுத்தே கிடக்கிறது. நோய். டாக்டர் அம்மா அதன் சாணத்தைக் கிளறிப் பார்க்கிறார். மைக்கேல் கிரைட்டனின் நாவலில் நோயுற்றுக் கிடப்பது ஸ்டெகோசாரஸ். ஸ்பீல்பெர்க் அதை ட்ரைசெராடாப்ஸாக மாற்றினார். பள்ளிக்கூட நாளில் சிதம்பரத்தில் ஒரு தியேட்டரில் இதைப் பார்த்தேன். என் வரிசையில் இருந்தவர்கள் டைரனோசாரஸ் வந்தபோது கத்தினார்கள். எனக்கு மனதில் நின்றது இந்தப் படுத்த மிருகம்தான். மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்குகிறது, அதன் மேல் காது வைத்து ஒருவர் படுத்திருக்கிறார். வயிறு உப்பின மாடு இப்படித்தான் கிடக்கும். எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். படத்தில் சந்தேகப்படுகிற செடி வெஸ்ட் இண்டியன் லைலாக், வேம்பின் உறவு மரம். நம்மூரில் மலைவேம்பு என்று சொல்வது அந்த இனம்தான். இத்தனை நெருக்கமாக இருந்தும், அந்த மிருகத்துக்கு என்ன ஆனது, பிழைத்ததா என்று படம் சொல்வதே இல்லை. மழை வருகிறது, கதை நகர்ந்துவிடுகிறது. டைரனோசாரஸ் காத்துக்கொண்டிருக்கிறதே.

இங்கே என் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். நான் சேத்தியாத்தோப்பு. வேலை சென்னையில், மாதத்தில் இரண்டு தடவை ஊருக்குப் போய்விடுவேன். நான் வளர்ந்த காலத்தில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசையாக நிற்கும். ராத்திரி பூரா நிற்கும். சின்னப் பையனாக அந்த வரிசை ஓரமாக நடக்கும்போது, எந்த மாட்டுக்கு எவ்வளவு தூரம் தள்ளி நடக்கணும் என்று பெரியவர்கள் கையைப் பிடித்து இழுத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். கொம்பு என்பது எங்களுக்கு ஒரு அலங்காரம் இல்லை. அது ஒரு ஆரம், ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் போகக்கூடாது.

அந்தப் படிப்பு இருப்பதால்தான் இந்தப் படங்களில் எனக்குக் குறை தெரிகிறது. என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் என் பெரியப்பா. எழுபது தாண்டியவர். போன பொங்கலுக்கு அவரிடம் போனில் இரண்டு காட்சிகள் போட்டுக் காட்டினேன். ஒன்று, ரே ஹாரிஹவுசன் செய்த 'ஒன் மில்லியன் இயர்ஸ் பி.சி.' (1966). அதில் ட்ரைசெராடாப்ஸும் செரடோசாரஸும் மோதும். கொம்பன் ஜெயிக்கிற அபூர்வமான படம் (செரடோசாரஸுக்கும் மூக்கில் கொம்பு உண்டு என்பது வேறு விஷயம்). பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, இத செஞ்சவன் மாடு பாத்தவன்டா. தலைய இறக்கிக்கிட்டே சுத்துது பாரு. பக்கவாட்ட குடுக்க மாட்டேங்குது."

"அப்ப சரியா இருக்கா பெரியப்பா?"

"எங்க சரி? மண்ணே பறக்கலியே. கால சீச்சாம எந்த மாடு பாயும்?"

அசந்துவிட்டேன். பொம்மையை நகர்த்தி எடுக்கிற முறையில் புழுதி கிளப்புவது பெரிய தொல்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் மண் துகள் நகரணும், அல்லது தனியாகப் படம்பிடித்து மேலே ஒட்டணும். ஆகவே அந்த மிருகங்கள் புழுதி இல்லாத உலகில் சண்டை போடுகின்றன. எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன், இந்தக் குறையை யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. இன்னொன்றும் சொன்னார்: கொம்பு குத்துவதற்கு மட்டும் இல்லை, குத்திய பிறகு கழுத்தைத் திருப்பி மேலே வாங்கும்போதுதான் சேதம். படங்களில் கொம்பன் வண்டி மோதுகிற மாதிரி நேராக வந்து இடித்துவிட்டு நின்றுவிடுகிறது. கொம்புக்கு மேல் ஒரு கூடு உண்டு, அது கழன்றால் உள்ளே ரத்தம் கசிகிற எலும்பு என்பது மாடு வளர்த்த எவருக்கும் தெரியும். ட்ரைசெராடாப்ஸுக்கும் அப்படித்தான், எலும்புக்கு மேல் கொம்புப் பொருளாலான உறை இருந்திருக்கும். திரையில் வருவதோ பல படங்களில் அருங்காட்சியக எலும்பின் மேல் தோல் போர்த்தியது மாதிரி.

இரண்டாவது காட்சிக்குத்தான் உண்மையில் இந்தப் பதிவையே எழுத ஆரம்பித்தேன். 'லாஸ்ட் கான்டினென்ட்' (1951). அமெரிக்காவில் ராபர்ட் லிப்பர்ட்டின் கம்பெனி எடுத்த மலிவுப் படம். ஒரு அணுசக்தி ராக்கெட் பசிபிக் தீவு ஒன்றின் மலையுச்சியில் விழுந்துவிடும். தேடிப் போகிறவர்கள் மேலே டைனோசர்களைப் பார்ப்பார்கள். மலை ஏறுகிறார்கள், ஏறுகிறார்கள், ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். படத்தின் பெரும்பகுதி அதுதான். உச்சிக்குப் போனதும் படம் பச்சைச் சாயத்துக்கு மாறிவிடும். பொம்மை வேலை சுமார். படமாக மதிப்பிட்டால் நூற்றுக்கு முப்பது போடுவேன்.

ஆனால் அதில் ஒரு காட்சி இருக்கிறது: இரண்டு ட்ரைசெராடாப்ஸ்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. டைரனோசாரஸ் இல்லை, அலோசாரஸ் இல்லை. கொம்பனுக்குக் கொம்பன். இது ஏன் முக்கியம்? 2009-ல் ஆண்ட்ரூ ஃபார்க்கியும் கூட்டாளிகளும் ட்ரைசெராடாப்ஸ் மண்டையோடுகளில் உள்ள காயத் தழும்புகளைக் கணக்கெடுத்தார்கள். சென்ட்ரோசாரஸ் என்ற வேறொரு கொம்பு இனத்தின் மண்டையோடுகளோடு ஒப்பிட்டார்கள். ட்ரைசெராடாப்ஸின் கழுத்துக் கேடயத்தில், எதிராளியின் கொம்பு வந்து படக்கூடிய பகுதியில், காயங்கள் அதிகம். கொம்பைக் கொம்பில் கோத்துத் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டிருக்கின்றன என்ற கருத்துக்கு அது வலுவான ஆதாரம். பெரிய பட்ஜெட் படங்கள் நூறு வருடமாகக் காட்டுவது டைரனோசாரஸ் மோதலை. மலிவுப் படம் ஒன்று, தெரிந்தோ தெரியாமலோ, இதைச் சரியாகக் காட்டிவிட்டது. பெரியப்பா இதைப் பார்த்துச் சொன்னது ஒரே வாக்கியம்: "ரெண்டு பொலிகாள ஒரே தொழுவத்துல நின்னா இதான்."

இப்போது சேலத்துக்கு வரணும். இதே லிப்பர்ட் கம்பெனி, இதே சீசர் ரொமேரோ என்ற நடிகர், இதே கதாசிரியர் கரோல் யங். அடுத்த வருடம் அவர்கள் வந்தது நம்மூருக்கு. டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸோடு கூட்டுச் சேர்ந்து வில்லியம் பெர்க் இயக்கிய 'தி ஜங்கிள்' (1952). தமிழில் 'காடு'. நம் எம்.என்.நம்பியார் ஆங்கிலப் படத்தில் நடித்தார் என்று சொல்வார்களே, அது இதுதான். கதை: காட்டு யானைகள் திடீரென்று மிரண்டு ஊர்களுக்குள் புகுந்து ஆட்களை மிதிக்கின்றன. ஏன் மிரள்கின்றன? அவற்றை விரட்டுவது, அழிந்துபோனதாக நினைத்த ரோமயானைகள். அதாவது மாமத். அந்த மாமத் யார் என்றால் நம்ம யானைகளேதான், உடம்பு பூரா சடை ரோமம் ஒட்டி.

டைனோசருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், யானைக்கு இருப்பது தந்தம், அது பல், கொம்பு இல்லையே என்று கேட்கலாம். விலங்கியல்படி சரி. ஆனால் தமிழ் அப்படிப் பார்க்கவில்லை. கொம்பு, கோடு, மருப்பு என்ற சொற்களை நம் மொழி மாட்டுக்கும் யானைக்கும் சேர்த்தே வைத்திருக்கிறது. தந்தமுள்ள ஆண் யானை இன்றைக்கும் கொம்பன்தான். 2023-ல் தேனி மாவட்டத்துக் கம்பத்துக்குள் நுழைந்து ஊரை நடுங்கவைத்த யானைக்கு அரிசிக்கொம்பன் என்று பெயர். ஆகவே தமிழ்க் கண்ணால் பார்த்தால் 'காடு' ஒரு கொம்பு அரக்கன் படம். பச்சை மலையில் ட்ரைசெராடாப்ஸ் செய்த வேலையைச் சேலத்து யானை செய்கிறது.

விமர்சகனாக எனக்கு 'காடு' மேல் வருத்தம்தான் அதிகம். படத்தில் பயம் வர வேண்டிய இடம் கடைசியில் வரும் ரோமயானை. வருவதோ இல்லை, ஒட்டிய ரோமம் கண்ணை உறுத்துகிறது. ஆனால் வெறும் யானைகள், வேஷமில்லாத யானைகள், கூட்டமாக ஓடி வரும் காட்சிகளில் நிஜமான கனம் இருக்கிறது. மரம் அசைகிறது, பெரியப்பா கேட்ட அந்தப் புழுதி பறக்கிறது! கையில் உண்மையான கொம்பன் இருந்தது. அவன் போதாது என்று நினைத்து அவனுக்கு முடி ஒட்டினார்கள்.

அறுபது வருடம் கழித்து, 2012-ல், ஷக்தி ஸ்காட் இயக்கத்தில் 'அதிசய உலகம்' வந்தது. லிவிங்ஸ்டன் விஞ்ஞானித் தாத்தாவாக, பேரப் பிள்ளைகளோடு கால இயந்திரத்தில் டைனோசர் காலத்துக்குப் போவார். தமிழில் முப்பரிமாண டைனோசர் படம் எடுக்கத் துணிந்ததற்கு ஒரு வணக்கம். ஆனால் அந்தக் கால இயந்திரம் போய்ச்சேர்வது ஹாலிவுட்டின் டைனோசர் உலகத்துக்கு. பக்கத்து மாவட்டத்தில் இறங்கியிருக்கலாம்.

தமிழில் கொம்பை எழுதத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலில் வரும் ஜமீந்தார் காளை காரியைப் படித்தவர்கள் மறக்க முடியாது. மனிதனுக்குச் சமமான ஆட்டக்காரனாக அந்த மிருகம் நிற்கிறது. அது தோற்ற பிறகு ஜமீந்தார் அதைச் சுட்டுவிடுகிறார், அந்தச் சாவு நம்மை உலுக்குகிறது. பரகான் சாவு ஏன் அப்படி உலுக்கவில்லை? காரிக்கு ஒரு பெயர், ஒரு வளர்ப்பு, ஒரு ஊர்ப்பயம் எல்லாம் முன்னாலேயே கட்டப்பட்டிருக்கிறது. பரகானுக்கு ஒன்றும் இல்லை, வந்தான், செத்தான்.

நானே என் வாதத்துக்கு எதிராக ஒன்று சொல்லிவிடுகிறேன். கொம்பனைத் தோற்கடிப்பது ஹாலிவுட்டும் டோக்கியோவும் கண்டுபிடித்தது இல்லை. சோழர் கோயில்களில் வடபக்கக் கோஷ்டத்தைப் பாருங்கள். எருமைத்தலை மேல் துர்க்கை நிற்கிறாள். கொம்புள்ள அரக்கன் சாவது நமக்கும் பழைய கதை. ஆனால் அங்கே மகிஷன்தான் பிரதான எதிரி. அவன் பெயரும் அவளுடைய பட்டப்பெயரிலேயே இருக்கிறது, மகிஷாசுரமர்த்தினி. டைட்டிலில் இடம் கொடுத்துவிட்டுத்தான் கொன்றிருக்கிறார்கள்.

கோயில் என்றதும் யாளியைப் பற்றிக் கேட்பீர்கள், தெரியும். வாட்ஸாப்பில் எனக்கே பத்துத் தடவை வந்திருக்கிறது: 'யாளி என்பது தமிழன் பார்த்த டைனோசர்'. இல்லை. பறவைகளைக் கணக்கில் எடுக்காவிட்டால் டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி வருடம் ஆகிறது. பார்த்திருக்க முடியாது. புதைபடிவ எலும்பைப் பார்த்துக் கற்பனை செய்திருக்கலாமே என்பது அடுத்த வாதம். இதே வாதம் மேற்கில் கிரிஃபின் என்ற சிறகுச் சிங்கத்துக்கு உண்டு: கோபி பாலைவனத்தில் கிடைக்கும் ப்ரோட்டோசெராடாப்ஸ், அதாவது கொம்பு டைனோசர் குடும்பத்துச் சின்ன உறவுக்காரன், அதன் எலும்புதான் மூலம் என்று ஏட்ரியன் மேயர் எழுதினார். 2024-ல் மார்க் விட்டனும் ரிச்சர்ட் ஹிங்கும் அதை அலசி, ஆதாரம் நிற்கவில்லை என்று காட்டினார்கள். கிரிஃபினின் பாகங்கள் உயிரோடிருக்கும் சிங்கத்திலும் கழுகிலும் இருக்கும்போது எலும்பைத் தேடிப் போவானேன்? யாளிக்கும் அப்படியே. சிங்கமும் யானையும் நம் சிற்பிக்குத் தெரியும். அவன் கற்பனையைப் பிடுங்கி எலும்புக்குக் கொடுப்பது பாராட்டு ஆகாது.

நிஜ எலும்பு வேண்டுமென்றால் யாளித் தூணுக்குப் போக வேண்டாம், அரியலூருக்குப் போனால் போதும். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் ரெண்டு மணி நேரச் சமாச்சாரம். சி.ஏ.மாட்லி திருச்சிராப்பள்ளி மாவட்டத்து டைனோசர்கள் பற்றி எழுதியது 1929. கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தது 1987. முதலில் அதை இறைச்சித்தின்னி என்று நினைத்தார்கள், பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று மாறியது. எலும்புகள் பொடிந்து போய்விட்டன. படங்கள் மட்டும் மிச்சம். இதைவிட நல்ல திரைக்கதை ஆரம்பம் எவன் தருவான்?

கொம்புக்கும் பதில் நம்மிடமே இருக்கிறது. ட்ரைசெராடாப்ஸ் வட அமெரிக்க மிருகம். இந்தியாவுக்கென்று கொம்பன் ஒருவன் உண்டு: ராஜாசாரஸ் நர்மதென்சிஸ். குஜராத்தில் ரையோலி பக்கத்தில் கிடைத்த எலும்புகளுக்கு 2003-ல் வைத்த பெயர். நீளம் சுமார் 6.6 மீட்டர், தலையின் மேல் குட்டையான ஒற்றைக் கொம்பு, இறைச்சித்தின்னி. தென் அமெரிக்காவின் கார்னோடாரஸ், மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ் எல்லாம் இவன் பங்காளிகள். அதாவது, வேட்டையாடுகிறவன் வேறு, கொம்பு உள்ளவன் வேறு என்ற சினிமாப் பிரிவினையே இந்த ஊரில் செல்லாது. இதுவரை அவனை நம் சினிமா தொட்டதாக நான் பார்க்கவில்லை. மும்பை பக்கத்து இமாஜிகா பூங்காவில் தண்ணீர்ப் படகுச் சவாரி ஒன்றுக்கு அவன் பெயர் வைத்திருக்கிறார்கள். டைட்டிலில் பெயர் வந்தது, அதுவும் சவாரிக்கு! பங்காளி கார்னோடாரஸுக்கு 'ஜுராசிக் வேர்ல்ட்: ஃபாலன் கிங்டம்' (2018) படத்தில் ஒரு நிமிடம் கிடைத்தது. எரிமலை வெடிக்கும்போது சினோசெராடாப்ஸோடு மோதுகிறான். இருபக்கமும் கொம்பு, நல்ல சண்டை வரும்போல இருக்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். டைரனோசாரஸ் வந்து கார்னோடாரஸைக் கடித்துப் போட்டது. 1925-ன் அதே காட்சி, 93 வருடம் கழித்து. அந்த சினோசெராடாப்ஸின் கேடயத்தில் தோல் மூடாத இரண்டு ஓட்டைகள் வேறு. உயிருள்ள மிருகத்துக்கு அங்கே தோல் இருந்திருக்கும். மண்டையோட்டைப் பார்த்து வரைந்த பழக்கம் இன்னும் போகவில்லை.

பெரியப்பாவுக்கு பரகான் சாகும் காட்சியையும் காட்டினேன். முழுக்கப் பார்த்தார். "காதப் பாரு, பன்னி மாதிரி" என்றார். அப்புறம், "குட்டி. இத எதுக்கு அவ்ளோ பெருசுகிட்ட வுட்டாங்க?" என்று கேட்டுவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்துத் தொழுவத்துக்குப் போனார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பூசின நீலப் பெயிண்ட் அவர் விரலில் இன்னும் இருந்தது.

அரியலூர் பயணக் குறிப்பும் கல்லமேட்டுப் படங்களும் அடுத்த பதிவில்.